அவன் இறங்கவில்லை

கார் இடப்பக்கம் சாய்கிறது, வேகத்தடையில் அடிதட்டுகிறது என்று கணவன் ராஜகுரு சொன்ன நாளிலிருந்து பழியெல்லாம் ஜெகதீஸ்வரிக்கு. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு அதை ஓட்டிப்போகிறவள் அவள்தானே. எங்கேயோ பள்ளத்தில் இறக்கி ஸ்பிரிங்கை ஒடித்துவிட்டாள், இனி பஸ்ஸில் போகட்டும் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். அவளும் பாதி நம்பிவிட்டாள். தான் கடந்த பள்ளங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் தூக்கம் கெட்டாள்.

பந்தல்குடி சாலைப் பட்டறையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். ராஜகுரு இறங்கவில்லை. அவன் வீட்டு ஆண்கள் கடைவாசலில் நின்று பேசுவதில்லை. கண்ணாடியை இறக்குவார்கள், காரியம் ஜன்னலுக்கு வரும்.

மெக்கானிக் பால்ச்சாமி சக்கரங்களில் காற்றைச் சரிபார்த்தான். வண்டியின் மூக்கை இரண்டு தரம் அமுக்கிவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவு வரை டேப்பைப் பிடித்தான். இடப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

"பாத்தியா," என்றான் ராஜகுரு, அதே இடப்பக்க இருக்கையில் சாய்ந்தபடி. "ரெண்டு ஸ்பிரிங்கையும் மாத்திரு, பால்ச்சாமி."

பால்ச்சாமி தலையாட்டினான். டேப்பைச் சுருட்டும்போது அவன் பார்வை ராஜகுருவின் வயிற்றைத் தொட்டுவிட்டுச் சட்டென்று தரைக்குப் போனது. ஜெகதீஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இறங்குங்க."

"எதுக்கு?"

"நூறு கிலோவ ஒரு பக்கம் வச்சுக்கிட்டு அளந்தா பின்ன எப்படி இருக்கும்?"

உள்ளே பட்டறைப் பையன்களின் ஸ்பானர் சத்தம் நின்றது. முகம் கறுத்து அவன் இறங்கினான். அவள் டேப்பைப் பிடுங்கி, வேண்டியதற்கு மேலேயே பலமாக வண்டியை அமுக்கிவிட்டு, தானே அளந்தாள். இரண்டு பக்கமும் ஒன்று.

"தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா இருந்தீக?" என்று பால்ச்சாமியிடம் திரும்பினாள்.

"அண்ணன எப்படி மதினி இறங்கச் சொல்றது," என்று முனகினான் பால்ச்சாமி.

கோபம் இறங்கும் என்று நினைத்தாள். ஏறியது. புருஷன் உட்கார்ந்த இடத்தின் பாரத்தையா தன் குற்றமென்று சுமந்து திரிந்தோம்? நம்பிய தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ராஜகுரு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சரி சரி. இருந்தாலும் பொம்பள ஓட்டுறது என்னைக்கும் ஆபத்துதான். நீ பஸ்ஸுலயே போ. சாவியக் கொடு."

அவள் ஓட்டும் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் சுற்றி வந்து மறுபக்கக் கதவில் கை வைப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பழகிய கால் பிரேக்கைத் தேடியது. அவள் அதை அமுக்கவிடவில்லை.