நூறும் ஐந்நூறும்

என் கணவர் எலக்ட்ரீஷியன். எதை வாங்கினாலும் அதில் போட்டிருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். எண் பெரிதாக இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. இந்தப் புத்தி மருந்து வரைக்கும் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த வாரம் இருவருக்கும் சேர்ந்தாற்போல் உடம்பு படுத்தியது. எனக்குச் சிறுநீர்த் தொற்று. கழிவறைக்குப் போகும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. அவருக்குத் தொண்டை வீங்கி எச்சில்கூட இறங்கவில்லை. டாக்டர் ஆளுக்கொரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். "நீ படுத்துக்கோ, வேளாவேளைக்கு நான் எடுத்துத் தர்றேன்" என்றார் இவர். உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நிற்பார். நானும் எழுந்து பாராமல் விழுங்கினேன். இவ்வளவு அக்கறையா என்று மனம் குளிர்ந்தது வேறு.

எரிச்சல் மட்டும் குறையவில்லை. பிறகு முதுகு வலித்தது, குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"கிருமி கிட்னிக்கு ஏறிடுச்சு" என்றார் டாக்டர். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"ஒரு வேளைகூட விடலை டாக்டர்."

இவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினார். குரல் கரகரவென்று வந்தது. "எனக்கு எழுதினது ஐந்நூறு, அவளுக்கு வெறும் நூறு. வலி அவளுக்குத்தானே ஜாஸ்தி? அதான் மாத்திக் கொடுத்தேன்."

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அந்த நூறு சிறுநீர்ப்பையில இருக்கிற கிருமிக்குத்தான். தொண்டைக்கு அது போய்ச் சேரவே சேராது. உங்க ஐந்நூறு தொண்டைக்கு. இவங்க கிருமி அதுக்கு அசையவே இல்ல. ரெண்டும் வேற வேற மருந்து, எண்ணை வச்சு ஒப்பிடவே கூடாது."

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா நீ வாங்கிக்க மாட்டியே. பெரிசை எனக்கே வச்சுடுவே."

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. இப்படிப்பட்ட அன்பை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்? திட்டினால் பாவம், திட்டாவிட்டால் கிட்னி போய்விடும்.

டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "உங்க தொண்டையைக் காட்டுங்க. குரலே சரியில்ல."

இவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். முதல்ல அவளைப் பாருங்க."

டிரிப்ஸ் ஏறாத கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து கட்டிக்காத்த மரியாதையெல்லாம் அந்த நிமிஷம் பறந்தது.

"வாயைத் திறய்யா!"