ஆறு தட்டு, ஆறு செங்கல்

லிஃப்ட்காரருக்கு எடை என்றாலே பயம். இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆறு பேர் ஏறும் லிஃப்டில் ஏழாவது ஆள் கால் வைத்தால் இவருக்கு நெஞ்சு அடைக்கும். அவர் மனைவி பின்னறையில் பீட்ரூட் மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கிறாள், முளைத்து இரண்டு இலை விட்டதும் நறுக்கி ஓட்டலுக்குக் கொடுக்கும் குட்டிக் கீரை. ஊறவைத்த விதையைத் தட்டில் நெருக்கமாகத் தூவி, மேலே காலித் தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் செங்கல் ஏற்றுவாள். அந்தப் பாரத்தை முட்டிக்கொண்டு எழும்போதுதான் விதையின் முரட்டுத் தோல் உரசிக் கழலும்.

இது அவருக்குத் தெரியாது. அவள் இரண்டு நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எட்டிப் பார்த்தார். நூல் மாதிரி முளை, அதன் தலையில் செங்கல். மனசு கேட்கவில்லை. ஆறு தட்டின் ஆறு செங்கலையும் இறக்கினார். அவள் வருகிற அன்று காலையில் மறுபடி ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி பேப்பர் படித்தார்.

அறுவடை நாளில் விளைவு தெரிந்தது. தண்டெல்லாம் நல்ல சிவப்பு. ஆனால் இலைக்கு இலை தோல் ஒட்டியிருந்தது. ஓட்டல் சமையல்காரர் போன வாரமே கறாராகச் சொல்லியிருந்தார்: "சாப்பிட்டவர் பல்லுல தோல் மாட்டிக்கிச்சு. இன்னொரு தடவை இருந்தா வேற ஆள பாத்துக்கறேன்." அவளுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும்.

"ஊற வெச்சது பத்தலையோ," என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "நான்தான் செங்கல்ல எடுத்தேன். பாரம் தாங்காதுன்னு நெனச்சேன்."

அவள் ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "புருவம் எடுக்கற இடுக்கி அலமாரில இருக்கு. கொண்டு வாங்க."

முதலில் உள்ளங்கையால் இலைகளை லேசாக வருடினாள். தளர்ந்த தோல்கள் உதிர்ந்தன. மிச்சத்தை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அவரும் முயன்றார், தோலோடு தலையும் வந்தது. "நீங்க விளக்கப் பிடிங்க, போதும்," என்றாள். பிடித்தார். அவள் எடுத்ததில் ஒரு இலைகூடக் கிழியவில்லை. இத்தனை நாள் இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்ததற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. நாலரை மணிக்கு இரண்டு தட்டுதான் தேறியது. கத்தரிக்கோலால் நறுக்கிப் பெட்டியில் அடைத்தாள்.

"மத்த நாலு?"

"தோலோட குடுக்க மாட்டேன்."

ஐந்து மணிக்கு ஓட்டலில் சமையல்காரர் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினார். விரலால் கிளறினார். வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"தோல் ஒண்ணுகூட இல்ல. ஆனா ஆறு தட்டு சொல்லியிருந்தேனே?"

"சுத்தமா இருந்தது இவ்வளவுதாங்க."

சமையல்காரர் பெட்டியை மூடினார். "வாரா வாரம் கொண்டு வாங்க."

தெருவுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் மெல்லக் கேட்டார்: "என்னை ஒரு வார்த்தை திட்டலையே?"

"திட்ட எங்க நேரம் இருந்துச்சு?" என்றாள். "இப்ப இருக்கு."

ஆரம்பித்தவள் வீடு வரும்வரை ஓயவில்லை. பக்கத்தில் நடந்து வருவதே அவருக்குப் பெருமையாக இருந்தது.