ஒன்பதாம் குழியை நகர்த்தக் கூடாது

1

இந்தக் கதை ஒரு விளம்பரப் பலகையில் பிறந்தது. ஒரகடம் சாலையில் பேருந்து அரை மணி நேரம் நின்றுவிட்டது. எதிரே இருந்த பலகையில், கோல்ஃப் புல்வெளியைப் பார்த்தபடி கண்விழிக்க வீடு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் கோல்ஃப் ஆடியதில்லை. நீங்களும் ஆடியிருக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: பனி விலகாத புல்வெளியில் செல்வமேரி ஒரு தேவதையைப் போல—

(அடித்துவிட்டேன். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு வேலைக்கு வருபவரைத் தேவதையாக்கிவிட்டால் கூலி உயர்வு கேட்க மாட்டார் என்ற நினைப்பு எழுத்தாளர்களுக்கும் உண்டு.)

இரண்டாம் தொடக்கம்: மணிமங்கலத்திலிருந்து வரும் செல்வமேரிக்கு அந்தப் புல்வெளியில், கோல்ஃப் மைதானத்தில், பதினோரு வருட வேலை. விடிந்ததும், பந்து போய் விழவேண்டிய ஒன்பதாம் குழியிலிருந்து பத்தடி தள்ளிப் புதுக் குழி வெட்டுவார். அங்கே எடுத்த புல்கட்டியால் பழைய குழியை அடைப்பார். ஆடுகிறவர்கள் குழியைச் சுற்றியே மிதிப்பார்கள். குழி நகர்ந்தால்தான் மிதிபட்ட புல் மூச்சு விடும்.

(இது இருக்கட்டும்.)

2

மேலாளர் ஃபிரடியை வில்லனாக்க முயன்றேன். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று போய்க்கொண்டே இருந்ததால் விட்டுவிட்டேன்.

போட்டிகளுக்குப் பணம் தருவது ஒரு மெத்தை கம்பெனி. குழியில் நட்ட கொடி, குழி, ஓரத்தில் வைத்த மெத்தை மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பது ஒப்பந்தம். கேமரா நகராது, ஆகவே குழியும் நகரக் கூடாது. ஓய்வை விற்கிறவர்கள் புல்லுக்கு ஒரு நாள் ஓய்வு தரவில்லை.*

* இதைச் செல்வமேரி சொன்னதாகத்தான் முதலில் எழுதினேன். அவர் இப்படி ஜோடித்துப் பேசமாட்டார்.

குழி நகராத ஆறாவது வாரம், ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகியது. பச்சைச் சாயம் அடிக்கச் சொன்னார்கள். பந்தெடுக்க மண்டியிட்ட ஒரு விருந்தாளியின் வெள்ளைக் கால்சட்டைதான் பச்சையாயிற்று. புல்வெட்டும் வண்டி ஓட்டுகிற மாசானம், தென்காசிக்காரர், "பேசாம அந்த மெத்தைய இதுமேல விரிச்சிருவோமாக்கா?" என்றார்.

3

செல்வமேரி அலுவலகத்துக்குப் போய், இரண்டு வாரம் குழியை நகர்த்தவிட்டால் புல் பிழைத்துவிடும் என்றார். ஃபிரடி நாற்காலி காட்டினார், டீ சொன்னார்.

"செத்தா சாவட்டும்க்கா. மூணு வாரத்துல பிளாஸ்டிக் புல்லு வருது. மெத்தைக்காரன் ஓசில தரான். அவன் பேரை எழுதிக்கணும், அவ்ளோதான்."

"அப்ப குழி?"

"ஒரே எடம். நகத்தவே வாணாம். இப்பவும் நகத்திடாதக்கா, அன்னிக்கே ஆளை மாத்திடுவாங்க."

"பிளாஸ்டிக் வந்தா எனக்கு இன்னா வேலை?"

ஃபிரடி டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

(எனக்கு நீண்ட மௌனங்கள் பிடிக்கும். இது பிடிக்கவில்லை.)

4

முடிவுகள்.

அ) பிளாஸ்டிக்கில் பந்து கண்டபடி துள்ளுகிறது. ஆடுகிறவர்கள் வேறு மைதானம் தேடிப் போகிறார்கள். மெத்தை கம்பெனி கிரிக்கெட்டுக்குப் போகிறது. நியாயம் ஜெயிக்கிறது. ஆனால் அதற்கு நாலைந்து வருடமாகும். செல்வமேரியிடம் இருப்பது மூன்று வாரம்.

ஆ) முதலாளி மனம் திருந்தி— (மன்னிக்கவும்.)

இ) செல்வமேரி குழியை நகர்த்துகிறார். புல் ஒரு நாள் மூச்சு விடுகிறது. மறுநாள் வேறொரு ஆள் வந்து அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகிறார்.

நான்கு நாட்களாக அவரைக் கருகிய வட்டத்தின் ஓரத்தில், வெட்டும் கருவியும் கையுமாக நிறுத்திவைத்திருக்கிறேன். நேற்று அவரே என் பக்கம் திரும்பினார்.

"சீக்கிரம் சொல்லு சார். வெயில் ஏறிச்சுன்னா வெட்டுன புல்லு ஒட்டாது."

என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், எங்கே வெட்டட்டும்? எந்த இடத்தைச் சொன்னாலும் உங்களுக்கோ எனக்கோ வேலை போகாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.