ராஸ் டிரிகென்சாவின் வேகம்

ஜீலாங் துறைமுகத்துப் பப்புகளில் குடிக்க வருகிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. முதல் பாட்டு பிடிக்காவிட்டால் பீர் மேடைக்கு வரும், கோப்பையோடு வரும். அந்தக் கூட்டத்தை மடக்க 'சால்ட்புஷ்' குழுவின் டிரம்மர் ராஸ் டிரிகென்சா ஒரு வழி வைத்திருந்தான். பாட்டை நிதானமாக ஆரம்பிப்பான். தலைகள் ஆடத் தொடங்கியதும் கொஞ்சம் முடுக்குவான். கடைசிச் சரணத்தில் பப்பே குதிக்கும், பாடகன் டென்னி ஃபால்க்குக்கு மூச்சு வாங்கும்.

"மெதுவாப் போடா பாவி, செத்துருவேன்."

"சாகறதுன்னா பாட்ட முடிச்சிட்டுச் சாவு."

இப்படித் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஏழு வருஷம் ஒரே வேனில் அடிலெய்டுக்கும் பிரிஸ்பேனுக்கும் நாயாய் அலைந்தார்கள். பெட்ரோல் பங்கில் கிடைத்ததைத் தின்று, வேனிலேயே தூங்கினார்கள். போன இடமெல்லாம் பப்பு நிரம்பி, வாசலிலும் வரிசை நின்றது. அப்புறம்தான் சிட்னியிலிருந்து ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டது.

அங்கே தயாரிப்பாளர் லயனல் ஹெய்க், ராஸின் காதில் ஹெட்போனை மாட்டி, 'டிக் டிக்' என்று வேகம் மாறாத ஒரு தாளத்தை ஓடவிட்டார். ராஸ் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டி ஓடினான்.

"ஆரம்பிச்ச வேகத்துலயே முடியணும் தம்பி. ரேடியோ கேக்கறவன் குதிக்கமாட்டான்."

"என் பாட்டு கேட்டா குதிப்பான் சார்."

தன் வாசிப்பு பதிவாகிவிட்டது என்று ராஸ் நிம்மதியாக ஊர் திரும்பினான். ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது ரேடியோவில் அவர்கள் பாட்டு வந்தது. ஆரம்பித்த வேகத்திலேயே முடிந்தது. வாசித்தது அவன் இல்லை. தன் கை தனக்குத் தெரியாதா? முகத்தில் பாதிச் சோப்போடு டென்னிக்குப் போன் போட்டான்.

"யாருடா அது?"

"ஸ்டூடியோ ஆளு. உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம்."

"எப்போ, என்னைப் பொதைச்சப்புறமா?"

ராஸ் போனை அறைந்து வைத்தான். ஆனாலும் அவன் விலகவில்லை. அந்த மேடை அவனுடையது, எவனோ ஒருவனுக்காக ஏன் இறங்க வேண்டும்?

பாட்டு ஊரெல்லாம் பிரபலமானது. ஜீலாங் பப்பில் ஞாயிறு மதியக் கச்சேரிக்கு நிற்க இடமில்லை. ஹெய்க்கும் வந்திருந்தார்.

"இன்னிக்கு மட்டும் ரெக்கார்டுல இருக்கற மாதிரியே வாசி மாப்ள," என்று டென்னி கெஞ்சினான்.

"ஆகட்டும்."

ராஸ் அப்படியே வாசித்தான், இம்மி பிசகவில்லை. முதல் சரணத்தைக் கூட்டம் சேர்ந்து பாடியது. இரண்டாவதில் எதற்கோ காத்திருந்தது. மூன்றாவதில் பாதிப் பேர் பீர் வாங்கத் திரும்பிவிட்டார்கள்.

டென்னி வியர்த்துப்போய்த் திரும்பினான். "முடுக்குடா."

ராஸ் தலையை மட்டும் ஆட்டி மறுத்தான்.

அடுத்த பாட்டை அவன் தன் போக்கில் வாசித்தான். போனவர்கள் கோப்பையோடு ஓடி வந்தார்கள், தரை அதிர்ந்தது. ஹெய்க்கின் காலும் சும்மா இருக்கவில்லை.

முடிந்ததும் டென்னி கட்டிப்பிடித்துக்கொண்டான். "நீ இல்லாம இந்தக் குழுவே இல்ல மாப்ள."

"அடுத்த ரெக்கார்டுல வாசிக்கப்போறது யாரு?"

டென்னி ஹெய்க்கைப் பார்த்தான்.

கூடப்பிறந்தவனைவிட இவனை ராஸ் அதிகமாக நேசித்திருந்தான். ஆனால் அடுத்த ரெக்கார்டிலும் தனக்கு இடமில்லை என்பதில் சந்தேகம் துளியும் மிச்சமில்லை. டிரம்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நாளைக்குப் பல்லராட் கச்சேரிக்கு அந்த ஸ்டூடியோ ஆளைக் கூட்டிட்டுப் போ. பாட்டு அவனுக்குத் தெரியும்."

"ஜனங்களத் தெரியாதேடா அவனுக்கு."

"உனக்குத் தெரியுமில்ல. ஸ்டூடியோவுல எனக்குப் பதிலா அவன் வாசிக்கறப்போ நீ ஏன் சும்மா நின்ன?"

டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு ராஸ் பப்பை விட்டு வெளியேறினான். அவன் இல்லாமல் பல்லராட்டில் சால்ட்புஷ் மேடை ஏறவில்லை. அதன்பிறகு எங்கேயும் ஏறவில்லை.