சிரிப்பு முந்திக்கொண்டது

ஞாயிறு மதியம் டிவியில் அந்தக் காதல் தொடரின் மறு ஒளிபரப்பைப் போட்டவன் நான்தான். மாமா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். "இந்தக் கண்றாவிய எவன் பாக்குறான்?" என்றாள். "வேலையில்லாதவன் பாப்பான்" என்றார் மாமா.

இரண்டு பேரும் பொய் சொன்னார்கள். வியாழக்கிழமை மாலையே அக்கா, தான் வேலை செய்யும் சலவைக் கடையில் ரசீதுப் புத்தகத்தின் மேல் கைபேசியைச் சாய்த்துவைத்து இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டாள். "மாமாகிட்ட மூச்சு விட்ட, சோறு கிடையாது" என்றாள் என்னிடம். மறுநாள் படிக்கட்டில் மாமா என்னை மடக்கினார். அவர் லிப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில் ஒளிந்து அவரும் பார்த்திருக்கிறார். "உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும் மாப்ள."

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, பார்சல் கிடங்கில் இரவு வேலை செய்து, இவர்கள் வீட்டு சோபாவில் பகலில் தூங்குகிறவன் நான். காதல் சமாச்சாரம் என்றால் எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் இந்தத் தொடரை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு ஜோடி நிச்சயம் செய்துகொள்கிறது, அவ்வளவுதான் கதை. அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதே இல்லை. அவன் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு மன்னிப்பு கேட்கிறான். அவள் செருப்பைத் தேடிக்கொண்டே பாராட்டுகிறாள். அது நடிப்பு மாதிரியே இல்லை.

அக்காவும் மாமாவும் கல்யாணம் ஆகாமலேயே பதினோரு வருடமாகச் சேர்ந்திருக்கிறார்கள். மூன்றாவது வருடம் மாமா கல்யாணப் பேச்சை எடுத்தார். "இப்ப என்ன அவசரம்?" என்றாள் அக்கா. "சரி, இனிமே நான் கேக்க மாட்டேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப நீயே கேளு" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொன்னபடி நின்றார், எட்டு வருடம். அக்காவுக்குத் தோன்றி வெகு காலமாகிவிட்டது. பக்கத்து வீட்டில் யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் அன்று முழுக்கப் பாத்திரங்கள் தடால் தடாலென்று விழும். ஆனால் தள்ளிப்போட்ட வாயாலேயே கேட்க வேண்டுமே. அங்கேதான் மாட்டிக்கொண்டு கிடந்தாள்.

திரையில் அவன் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து ஒழுகும் குழாயைத் திருகிக்கொண்டிருந்தான். அவள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்த அவனுடைய கால்களைப் பார்த்து, "நாம நிச்சயம் பண்ணிக்கலாமா?" என்றாள்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தும் சட்டைக்குப் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகுதான் திரையில் இருந்தவன் தொட்டிக்கு அடியிலிருந்து சொன்னான்: "டார்ச்ச நேரா புடி."

செய்தித்தாள் மெதுவாக இறங்கியது.

"அவன் சொல்றதுக்கு முன்னாடியே சிரிக்கிற? எப்பப் பாத்த?"

"நீ மட்டும் என்னவாம்?"

"நான்... லிப்ட் ரிப்பேருக்குப் போன எடத்துல..."

"அங்க வந்து நடிச்சுக் காட்டுனாங்களாக்கும்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேர்கிட்டயும்" என்றேன்.

திரையில் அவன் ஈரத் தலையோடு வெளியே வந்து, "என்ன கேட்ட?" என்றான். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து மறுபடியும் கேட்டாள். அந்த நடிகையின் குரல் லேசாக நடுங்கியது. இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அக்கா ஊசியைச் சட்டையிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனாள்.

"இந்தப் போர்வைய மடிக்கணும். ஒரு முனையப் புடி, வா."

"மாப்ளையக் கூப்பிடேன். முடியப்போவுது, பாத்துட்டு வரேன்."

"பாத்ததையே எத்தன தரம் பாப்ப? நீ வா."

மாமா போனார். நான் சத்தத்தைக் குறைத்தேன். கொடியில் தொங்கிய போர்வைக்குக் கீழே நான்கு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அக்காவின் பாதங்கள் ஓரடி முன்னால் வந்து நின்றன. மாமாவின் கால் கட்டைவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. போர்வை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. இன்னும் யாரும் அதைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை.