முதல் நாளுக்கான பதிவு

மூத்தவர் தம்பியின் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலைத் துண்டால் துடைத்து, போனின் மேல் வைத்து அழுத்தினார். போன் ஒரு தரம் அதிர்ந்து, அடையாளம் தெரியவில்லை என்றது. அவர் அந்த விரலைத் தன் வாயருகே கொண்டுபோய் ஊதினார். உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். அதற்கும் அதே பதில்தான்.

“வேணாம் மாமா,” என்றாள் தம்பியின் மனைவி.

“இரும்மா. அவன்கூட வேலை பாத்தவங்க நம்பரெல்லாம் இதுலதான் இருக்கு. பேங்க் சமாச்சாரமும் இதுக்குள்ளதான் வச்சிருப்பான். திறந்துட்டா நானே எல்லாத்தையும் பாத்துக்குவேன். உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல.”

“கையை விடுங்க.”

கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் அவள் குரல் உயர்த்தியதில்லை. மூத்தவர் கையை மெதுவாகக் கட்டிலில் இறக்கிவிட்டு, போனை அவளிடம் நீட்டினார். முகம் சுண்டிப்போனது. அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. செய்தி கேட்டதும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர். எந்த வீட்டு விசேஷமானாலும் துக்கமானாலும் பொறுப்பை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொள்ளாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

அவள் போனை மடியில் கவிழ்த்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். துக்கத்தில் பேசிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். துக்கம் இன்னும் அவள் பக்கம் வந்தே சேரவில்லை. வந்திருந்தது பயம். போன் திறந்தால் புருஷன் செத்த கதை வெளியே வந்துவிடும். இன்று காலையில் செத்தது இல்லை. அதற்கு வெகுநாள் முன்பிருந்தே, எழுத்தில், வாரம் தவறாமல் அவர் செத்துக்கொண்டிருந்த கதை.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். காலையில் வேலைக்குக் கிளம்ப, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலில் காலுறையைப் போட்டவர், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துத் தலையசைத்தார். மயான வண்டி சாயங்காலம் வரும் என்றார்கள். அந்த மற்றொரு காலுறை கட்டிலுக்கடியில் கிடந்தது. போட்டதை யாரும் கழற்றவும் இல்லை.

வேலை விட்டு வந்த பிறகு அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. ‘ஒற்றைக் கையெழுத்து’ என்று ஒரு வலைப்பதிவு. சம்பளத்தை எப்படிப் பிரிப்பது, காப்பீட்டுப் பத்திரத்தில் எந்த வரியைக் கண்ணை விரித்துப் படிப்பது, சொந்தக்காரர் கேட்கும் கடனுக்குச் சிரித்துக்கொண்டே இல்லை என்பது எப்படி என்று எழுதுவார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை. ஆணாகவும் எழுதவில்லை. கணவனைப் பறிகொடுத்துவிட்டு, வீட்டுக் கணக்கைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணாக எழுதினார். முதல் பதிவின் முதல் வரியே, ‘என் வீட்டுக்காரர் போன அன்றைக்கு எனக்கு ஏ.டி.எம். அட்டையை எந்தப் பக்கம் சொருகுவது என்றுகூடத் தெரியாது’ என்றுதான் இருக்கும். மனுஷன் தான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போதே தன்னைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். முகம் தெரியாத எத்தனையோ பெண்கள் அவரை அக்கா அக்கா என்று அழைத்தார்கள்.

இது அவளுக்குத் தெரியவந்ததே மூத்தவரின் மனைவியால்தான். அந்த ஓரகத்தி வாய் ஓயாதவள். “ஒரு அக்கா எழுதறா, பாவம், புருஷன் இல்லாதவ, என்னா அறிவு தெரியுமா” என்று ஒருநாள் வந்து வாசித்துக் காட்டினாள். ‘என் வீட்டுக்காரர் பற்பசைக் குழாயைத் தகரம் வெட்டும் கத்தரியால் பிளந்து, உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்துப் பல் தேய்ப்பார்.’ ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். இவள் எழுந்து போய்ப் பார்த்தாள். குளியலறையில் பிளந்த குழாய் அப்போதும் கிடந்தது.

அன்று அவர் வந்ததும் கேட்டாள்.

“காசு விஷயத்தைப் பொம்பளை சொன்னாதான் பொம்பளைங்க காது குடுத்துக் கேப்பாங்க,” என்று மழுப்பினார்.

“அதுக்கு நீங்க சாகணுமா?”

கையிலிருந்த மசகை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். “அப்பா போனப்ப அம்மா பீரோ முன்னாடியே உக்காந்திருந்தா. சாவி எங்கேன்னு அவளுக்குத் தெரியல. யார் யாரோ வந்து தாளை நீட்டினாங்க. எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” துணியை மடித்தார். “லிஃப்ட்ல கயிறு அறுந்தாக்கூட புடிச்சு நிறுத்த ஒரு ஏற்பாடு இருக்கு. நம்ம வீட்டுல என்ன இருக்கு? உன்கிட்ட சொல்ல வந்தா காதைப் பொத்திக்கிற. எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்டயாவது சொல்லித் தீக்கணும்ல?”

“எழுதி எழுதி வரவழைச்சிடாதீங்க.”

“எழுதினா வந்துடும்னா, பிரமோஷன் வந்துச்சுன்னு எழுதியிருக்க மாட்டேனா?”

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. போன் திறக்கும் எண்ணைச் சொல்ல வந்தபோதும் காதைப் பொத்திக்கொண்டாள். எண்ணைத் தெரிந்துகொண்டால் அவர் போவதற்குச் சம்மதம் சொன்னதுபோல் ஆகிவிடும் என்று ஒரு பயம். “நம்ம பில்டிங் லிஃப்ட்ல பட்டனுக்கு மேல ஒரு தகடு இருக்குல்ல, அந்த நம்பர்தான். மறந்தாலும் போய்ப் பாத்துக்கலாம்,” என்றார் அவர் விடாமல். பொத்திய காதிலும் அது விழுந்து தொலைத்தது. மறுநாளிலிருந்து அவள் லிஃப்டில் ஏறுவதை விட்டாள். காய்கறிப் பையோடு படியேறுவாள். உடம்பில் அக்கறை உள்ளவள் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்.

இப்போது கூடத்தில் உட்கார்ந்தபடி அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. அதனால் அவர் பதிவை முந்தின நாளே எழுதி, மறுநாள் மதியம் தானாக வெளியாகும்படி வைத்துவிடுவார். நேற்று எழுதும்போது தனக்குள் சிரித்துக்கொண்டது அவளுக்குத் தெரியும். என்ன என்று கேட்கவில்லை. அது வரப்போகிறது. ஆள் இங்கே கட்டிலில் கிடக்க, அவர் பேச்சு ஊரெல்லாம் போகப்போகிறது. நிறுத்தலாம். நிறுத்த வேண்டுமென்றால் அந்தத் தகட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். அவளுக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை.

மூத்தவர் மறுபடி வந்து குந்தினார். கையில் ஒரு தாளும் பேனாவும். “பேங்க்குக்கும் கம்பெனிக்கும் உன் சார்பா நான் போறேன்னு எழுதியிருக்கேன். கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. நீ எங்கயும் அலைய வேணாம்.”

அவர் கண் சிவந்திருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“இங்க பாரு,” என்று ஓரகத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், போனும் கையுமாக. “அந்த அக்கா முதல் நாளுக்குன்னே முன்னாடி ஒரு பதிவு போட்டிருக்கா. எனக்கு அப்பவே தோணிச்சு, யாருக்காவது உதவும்னு. வாசிக்கிறேன் கேளு, மனசுக்குத் தெம்பா இருக்கும்.”

“வேணாமே.”

“கேளுன்றேன்ல.” தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “‘முதல் நாள் எதையும் முடிவு செய்யாதே. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. கேட்கிறவர் கெட்டவராக இருந்தால் நீயே மறுத்துவிடுவாய். நல்லவர்கள் கேட்கும்போதுதான் கை தானாக நீளும். அவர்களிடம், பத்து நாள் போகட்டும் என்று சொல். நல்லவர்கள் காத்திருப்பார்கள்.’”

கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது. அவர் வாய் மூடியிருந்தது. அவர் பேச்சு ஓரகத்தியின் குரலில் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அதே சமயம், இன்னும் வாசி என்றும் இருந்தது.

“‘பயமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கும் இருந்தது. பயந்தவள்தான் கதவைப் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பாள்.’” ஓரகத்தி மூக்கை உறிஞ்சினாள். “பட்டவளுக்குத்தான் இப்படி எழுத வரும்.”

அவள் பேனாவை மூடினாள். “பத்து நாள் போகட்டும் மாமா.”

மூத்தவர் மனைவியை ஒரு முறை முறைத்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “அதுவும் சரிதான். என்ன அவசரம்,” என்றார் தரையைப் பார்த்து.

அந்த நேரத்தில் ஓரகத்தியின் போன் சிணுங்கியது. இவள் மடியிலிருந்த போனும் அதிர்ந்தது. இரண்டும் ஒன்றாக.

“அட, இப்பதான் புதுசு வந்திருக்கு,” என்றாள் ஓரகத்தி. “‘என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும், அவர் சேர்த்து வைத்த பழைய சார்ஜர் டப்பா போய்ச் சேரவில்லை. எதற்குமே பொருந்தாத சார்ஜர்கள். தூக்கிப்போட மனசு வரவில்லை. சகோதரிகளே, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் வீட்டிலிருக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள்.’”

யாரோ லேசாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அலமாரியின் தலையைப் பார்த்தாள். பிஸ்கட் டப்பா அங்கேதான் இருந்தது. மூடி பொருந்தாமல், ஒரு ஒயர் வெளியே தொங்கிக்கொண்டு. நேற்று இதை எழுதித்தான் சிரித்தாரா? போனை இறுகப் பிடித்தாள். அது அதிர்வதை நிறுத்தவில்லை. ஒன்று மாற்றி ஒன்றாக யார் யாரோ பின்னூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஐயோ பாவம்,” என்றாள் ஓரகத்தி, குரல் இறங்கி. “ஒருத்தி கேட்டிருக்கா பாரு. ‘அக்கா, இன்னைக்குக் காலைல அவர் போயிட்டார். ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்திருக்கேன். என்னென்னவோ தாளைக் குடுக்கிறாங்க. கையெழுத்து கேக்கறாங்க. அக்கா, இருக்கீங்களா?’” அவள் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். “இந்த மாதிரி கேட்டா அக்கா எங்க இருந்தாலும் உடனே பதில் போட்டுடுவாளே. இன்னைக்குன்னு பாத்து ஆளைக் காணோம்.”

மடியிலிருந்த போனோடு இவள் எழுந்தாள். முகம் கழுவப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் வாசலைத் தாண்டி, படிக்கட்டையும் தாண்டி, லிஃப்டின் முன்னால் போய் நின்றாள். கதவு திறந்தது. உள்ளே போனாள். கதவு மூடியது.

தகடு அதே இடத்தில்தான் இருந்தது. விளிம்பெல்லாம் துரு. எண் மட்டும் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தது. பார்க்கப் பார்க்கக் கண்ணில் நீர் கட்டி எழுத்து குழம்பியது. சட்டென்று லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியது. அவள் அலறிவிட்டாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கயிறு அறுந்துவிட்டது, இதோ உங்களிடமே வருகிறேன், இதோ வருகிறேன் என்று நினைத்தாள்.

மெத்தென்று நின்றது. கதவு திறக்க, வெளியே அவரோடு வேலை பார்க்கும் பையன் நின்றான். ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். அவன்தான் கீழே பட்டனை அழுத்தியிருக்கிறான். வேலை பார்த்த இடத்திலிருந்து அப்படியே வந்தவன், தோளில் கருவிப்பை.

“அண்ணி,” என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே வந்தான். “நீங்க இதுல ஏறவே மாட்டீங்கன்னு அண்ணன் சொல்வாரே. பயப்படாதீங்க. போன வாரம்தான் பிரேக்கைப் பிரிச்சுப் பாத்தோம். இது எங்க கம்பெனி லிஃப்டுகூடக் கிடையாது. லீவு நாள்ல என்னை இழுத்துட்டு வந்து பாப்பாரு. ‘அவ என்னைக்காவது ஒருநாள் ஏறுவாடா, அன்னைக்கு இது ஒழுங்கா நிக்கணும்’பாரு.” சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

லிஃப்ட் மேலே ஏறியது. அவள் தகட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். போன் திறந்துகொண்டது. முதலிலேயே அந்தப் பின்னூட்டம் நின்றது. இருக்கீங்களா?

அவருக்கு வேகமாக வரும். அவளுக்கு ஒரு விரல்தான். அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். அனுப்பு என்பதைத் தொட்டபோது கதவு திறந்தது.

வீட்டு வாசலை எட்டும்போதே ஓரகத்தியின் குரல் கேட்டது. “வந்துட்டா, வந்துட்டா. அக்கா பதில் போட்டுட்டா. ‘இருக்கேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. எதுலயும் கையெழுத்துப் போடாத. முதல்ல ஒரு வாய் தண்ணி குடி.’” அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “அவ்வளவுதான் எழுதியிருக்கா இன்னைக்கு.”

இவள் பழைய இடத்தில், கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். ஓரகத்தி சமையலறைக்குள் போய் ஒரு தம்ளருடன் வந்தாள்.

“இந்தா. காலைலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல உனக்கு. அந்த அக்காவே சொல்லிட்டா, குடி.”

அவள் வாங்கிக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். மடியில் போன் மறுபடி அதிர்ந்தது. குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த காலுறையை எடுத்து, தூசியைத் தட்டி, வாயை விரித்து அவருடைய இன்னொரு காலில் மாட்டத் தொடங்கினாள்.