சிரிப்பை அடக்கிய கேஸ் குழாய்

வண்டிக்கு அடியில் ஓடும் கேஸ் குழாய் தொட்டால் சிரிக்கும். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரித்தால் என்ன ஆகுமோ அதுதான் குழாய்க்கும் ஆகும், கேஸ் கசியும். சேலத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குழந்தைவேலுவுக்கும் தெரியும். தெரிந்தும், காருக்குப் பின்னால் இழுத்துப்போக வாங்கிய வீட்டுவண்டியில் அடுப்புக்கான குழாயைத் தானே மாட்டித் தொலைத்தார். தரைத்தகட்டில் குழாய் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட மறந்தார். தகட்டு விளிம்பு உரச உரச, குழாய் தெருவே கேட்கும்படி சிரித்தது.

அவருக்கு அவசரம். மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்த மனைவி அங்கம்மாள் எட்டு மாதமாகச் சிரிக்கவில்லை. ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய், குளிரில் காபி போட்டுக் கொடுத்து, எப்படியாவது சிரிக்கவைத்துவிட வேண்டும். ஆனால் அவர் வேடிக்கையாக எதைச் சொன்னாலும் குழாயும் அல்லவா கேட்கும்?

கேஸ் வேலை பார்க்கும் வளர்மதி வந்து, ஒரு காலைப் பொழுதில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினாள்.

"வளையம் போட்டாச்சு, கிளாம்ப் அடிச்சாச்சு. கல்லு தெறிச்சாலும் படாத மாதிரி தகடு வச்சு மூடிட்டேன். இனி உரசலுக்குச் சிரிக்காதுங்ண்ணா. ஜோக்குக்கு நான் பொறுப்பில்ல."

"அதுக்கு என்னம்மா பண்றது?"

"அதுகிட்டயே கேட்டுப் பாருங்க. நல்ல குழாய்ங்க."

குழந்தைவேலு மண்டியிட்டு, எட்டு மாதக் கதையைக் குழாயிடம் மறைக்காமல் சொன்னார்.

ஏற்காட்டில் ஏரிக்கரையோரம் வண்டியை நிறுத்தி, சிலிண்டரைத் திறந்து, பால் வைத்தார். கல்யாணத்தன்று மாமனார் என்று நினைத்துச் சமையல்காரர் காலில் விழுந்ததையும், அவர் கரண்டியும் கையுமாக ஆசீர்வாதம் செய்ததையும் சொன்னார். அங்கம்மாள் முப்பது வருடமாகக் கேட்ட கதை.

"கரண்டியில சாம்பார் இருந்துச்சே, அதை உட்டுட்டீங்க," என்றாள். அப்புறம் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவர் ஓடிப்போய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழ்கூட வரவில்லை. குழாய் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டது. பெற்ற பிள்ளைகூட இப்படி உதவாது என்று தோன்றியது அவருக்கு. அங்கேயே கும்பிட்டார். வளர்மதிக்குப் போன் போட்டு, "நீ நல்லா இருக்கணும்மா," என்றார்.

காபி ஆனதும் சிலிண்டரை மூடினார். குழாயில் மிச்சமிருந்த கேஸும் அடுப்பில் எரிந்து தீர்ந்தது.

"இப்பச் சிரிச்சுக்க சாமி," என்றார்.

குழாய் கால் மணி நேரம் சிரித்தது.

வண்டியில் கூடவே வைத்திருந்த மாற்றுச் சிலிண்டருக்கு மட்டும் கதை பிடிபடவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னது. அங்கம்மாள் காபி டம்ளரோடு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்த வாட்டி நான் சொல்றேன்," என்றாள்.